சூளைக்குள் பூசிய திருநீறு

1

இன்று ஆயுத பூஜை. இந்த இங்கிலாந்து ஊருக்கு அது தெரியாது. மழை தூறுகிற இன்னொரு வேலை நாள், அவ்வளவுதான். ஆனாலும் என் மனைவி விடியற்காலையிலேயே எழுந்து தையல் மெஷினுக்கும், வாசலில் நிற்கிற பழைய காருக்கும், என் ஆய்வுக்கூடச் சாவிக்கொத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். ஆறு வயது மகளின் பள்ளிப் பைக்கும் ஒரு பொட்டு. பெண் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனாள். அங்கே நின்று, கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, அந்தப் பொட்டை நன்றாகத் துடைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

"பாத்தீங்களா உங்க பொண்ண?" என்றாள் மனைவி ஜன்னலருகே நின்று. "கூடப் படிக்கறவங்க என்னன்னு கேப்பாங்களேன்னு வெக்கம். நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

கேட்க மாட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இதே ஊரில் மாணவனாக இருந்தபோது, இதே ஆயுத பூஜை அன்று, இதே வெட்கத்துக்காக நான் செய்த காரியத்துக்கு முன்னால் அவள் துடைத்த பொட்டு ஒன்றுமே இல்லை.

கம்மாபுரத்திலிருந்து என் சித்தப்பா மகன் போன மாதம் எழுதியிருந்தான்: "அண்ணா, அங்க காலேஜில படிக்கறது எப்பிடி இருக்குதுன்னு வெவரமா எழுதுங்க. போயிட்டு வந்தவங்க ஒருத்தரும் நெசத்த சொல்ல மாட்டேங்கறாங்க." அவனுக்காகவும், ஊரில் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகவும் நிஜத்தை எழுதிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது.

2

நான் வந்தது அறுபதுகளின் நடுவில். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளை மண்ணை என்னவெல்லாம் செய்யலாம் என்று ஆளுக்கு ஆள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா ஒரு பட்டறையில், மின்சார ஃபியூஸ் கட்டைகளைச் சூளைக்கு அனுப்புமுன் ஈரப் பஞ்சால் விளிம்பு துடைக்கிற வேலை பார்த்தாள். நான் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, சர்க்கார் உதவித்தொகையில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்துக்குக் கிளம்பினேன்.

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு அம்மாவோடு அவளுடன் வேலை பார்த்த ஏழெட்டுப் பெண்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். பட்டறையிலிருந்து நேரே வந்ததால் எல்லோருக்கும் முழங்கை வரை மண் காய்ந்து வெளுத்திருந்தது. "நீ வெள்ளக்காரன் ஊருக்கு போயி சேர்றதுக்குள்ள நாங்க வெள்ளையாயிட்டோம் பாரு தம்பி" என்று ஒரு அக்கா கையை நீட்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும், "போனதும் கடுதாசி போடு, வேளைக்கு சாப்பிடு" என்பதையே ரயில் நகர்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் படிக்க வந்தது இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் ஒரு பீங்கான் நகரம். ரயில் அதற்குள் நுழைந்தபோது கண்ட காட்சியை இன்றும் மறக்கவில்லை. ஊறுகாய் ஜாடி போல வயிறு பருத்து, கழுத்து சிறுத்த செங்கல் சூளைகள். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். வீடுகளுக்கு நடுவே, தேவாலயத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்று எங்கு பார்த்தாலும் சூளை. பழமலைநாதர் கோயில் கோபுரத்தைத் தவிர அண்ணாந்து பார்க்க வேறொன்றும் இல்லாத ஊரிலிருந்து வந்தவன் நான். வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து வருகைப் பதிவேடு, நூலக அட்டை, ஆய்வுக்கூட அலமாரி எல்லாவற்றிலும் நான் மிஸ்டர் கலியமூர்த்தி. பழமலை என்கிற என் சொந்தப் பெயரை மாற்றி எழுத மூன்று அறைகளுக்கு ஏறி இறங்கினேன். மூன்றாவது அறையில் இருந்த அம்மாள் மிகுந்த அன்புடன், இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு கோடு போட்டுத் தந்தார். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா என்னை "வாத்து" என்று கூப்பிட்டார். என் நடையைக் கேலி செய்கிறார் என்று ஒரு வாரம் நிமிர்ந்து நடந்து பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊரில் பிரியமானவர்கள் எல்லோருமே வாத்துதான்.

3

காலை ஒன்பதுக்கு வகுப்பு. பத்தரைக்கு டீ. பேராசிரியர், மாணவன், தரை பெருக்குகிறவர் எல்லோரும் ஒரே வரிசையில் கோப்பையோடு நிற்பார்கள். பிறகு மாலை வரை ஆய்வுக்கூடம். மண்ணை அரைத்து, சலித்து, எடை போட்டு, சுண்டுவிரல் நீளத்துக்குச் சோதனைத் துண்டுகளாக வார்த்து, சூளையில் சுட்டு, சுருக்கத்தை அளப்போம். நூலகத்தில் யாரையும் கேட்காமல் புத்தகத்தை நாமே எடுக்கலாம் என்று தெரிந்த அன்று, எனக்குத் தேவையே இல்லாத ஏழு புத்தகங்களை எடுத்து மேஜையில் பரப்பிவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

எல்லாவற்றையும் விட என்னைக் கட்டிப்போட்டது சூளை அறை. மின்சாரச் சூளை. புகை இல்லை, விறகு இல்லை. ஒரு குமிழைத் திருப்பினால் உள்ளே செம்பு உருகுகிற சூடு. அதன் பொறுப்பாளர் வால்ட்டர். ஐம்பத்தெட்டு வயது, சின்ன உருவம், காதில் எப்போதும் ஒரு பென்சில். சூளையின் பக்கச் சுவரில் புறங்கையை ஒரு நொடி வைத்து உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்வார். கருவியைப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே எண் இருக்கும். எனக்குக் கும்பிடத் தோன்றும்.

அந்த அறையில் ஒரு தடித்த பதிவேடு உண்டு. எந்தச் சாமான், யார் வைத்தது, எத்தனை மணி நேரம் என்று எழுதுவார்கள். கடைசிப் பத்தி, நடந்த தவறு. அதைப் புரட்டிப் பார்த்து நான் ஆடிப்போனேன். "சூளை ஆறும் முன் கதவைத் திறந்தேன். அவசரப்பட்டேன். ஒரு தட்டு வெடித்தது. தவறு என்னுடையது." கீழே பேராசிரியரின் கையெழுத்து. துறைக்கே தலைவர் அவர்! யாரும் கேட்காமல், தானே, மையால் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பட்டறைகளில் எந்தச் சாமானையும் யாரும் உடைத்ததே இல்லை. எல்லாம் தானாகவே உடைந்துகொள்ளும். அந்தப் பதிவேட்டை ஒரு பகல் முழுக்க, கதை படிப்பது போலப் படித்தேன்.

4

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஊரிலிருந்து தபால் வந்தது. கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம், பழமலைநாதர் கோயில் திருநீறு. அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதியிருந்தாள்: "பூசை அன்னிக்கு நீ படிக்கற எடத்துல கொஞ்சம் வச்சிடு தம்பி."

நம் பட்டறைகளில் அன்று சூளையை மூட்ட மாட்டார்கள். எல்லாவற்றையும் கழுவி, பொரி கடலை வைத்துப் படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். மறுநாள் மூட்டப்போகிற சூளையில், வாசலுக்கு நேரே நிற்கிற முதல் வரிசைக்குத் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று பட்டை போடுவார்கள். சாமான் கெட்டுவிடாதா என்றால், கெடாது. நம் விறகுச் சூளையில் சாமான்களைத் தடித்த மண்பெட்டிக்குள் மூடி வைத்துத்தான் அடுக்குவார்கள். பட்டை பெட்டியின் மேல்தான் விழும். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

இந்த ஊரில் எனக்கு யாரும் லீவு தரப்போவதில்லை. எட்டு மணிக்குச் சூளையைப் போடுவார்கள். மாணவர்களுக்கும் அறைச் சாவி உண்டு என்பதால் ஏழு மணிக்கே போனேன். முதல் நாள் மாலையே வால்ட்டர் அடுக்கிவைத்திருந்தார். கதவு திறந்திருந்தது. பொட்டலத்தைப் பிரித்து, டீக் கோப்பையில் குழைத்துக்கொண்டு நின்றேன். கதவின் மேல் பூசத்தான் முதலில் கையை நீட்டினேன். வால்ட்டர் வந்து இது என்ன என்று கேட்பாரே, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது, மற்ற மாணவர்கள் சிரிப்பார்களே என்று கை பின்வாங்கிவிட்டது. வெளியே பூசினால்தானே தெரியும்? உள்ளே கையை விட்டு, முன்வரிசையில் பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த தட்டின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தாராளமாக மூன்று பட்டை இழுத்தேன். வெள்ளையின் மேல் சாம்பல், அரையிருட்டில் தெரியவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு நிம்மதியாக வகுப்புக்குப் போனேன்.

மின்சாரச் சூளையில் மண்பெட்டி கிடையாது. துண்டுகள் வெறும் உடம்போடுதான் இருக்கும். சாம்பல் அந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் என்று அதற்கு முந்தின வாரம்தான் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். பரீட்சை எழுதியவனும் பட்டை போட்டவனும் ஒரே ஆள்தான். ஆனால் அன்று காலை இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

5

மறுநாள் மதியம் வால்ட்டர் கதவைத் திறந்தபோது நானும் இருந்தேன். பன்னிரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டி, இடுக்கில் பச்சையாகக் கண்ணாடி உறைந்து, ஒரே பலகை போல வெளியே வந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் சிவபெருமானைப் பிடிக்கப் போயிருந்தேன். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

அவை ஹில்டா என்ற மூத்த ஆராய்ச்சி மாணவியின் துண்டுகள். ஒன்றரை வருடம் திருத்தித் திருத்திச் செய்த கலவையின் கடைசிச் சோதனை. அவள் அந்தப் பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. ஆனால் மூக்கு நுனி சிவந்து, வெளியே போய்விட்டாள்.

பேராசிரியர் வந்தார். சூளைக் கூரையிலிருந்து பழைய கசடு ஏதோ விழுந்து உருகியிருக்கிறது என்று முடிவு செய்தார். கூரையைத் துடைப்பது வால்ட்டரின் வேலை.

"துடைத்தேன் ஐயா" என்றார் வால்ட்டர்.

"இந்த வருடத்தில் இது இரண்டாவது முறை, வால்ட்டர். கண் சரியாகத் தெரிகிறதா? வேண்டுமானால் கீழே மண் கிடங்குக்கு மாற்றித் தருகிறேன். வெள்ளிக்கிழமை பேசுவோம்."

பேராசிரியர் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். வால்ட்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார். முப்பது வருடமாக அவர் அந்த அறையில் இருக்கிறார்.

நான் வாயைத் திறக்கவில்லை. உதவித்தொகைத் தாளில், கல்லூரியிலிருந்து ஒரு புகார் போனாலும் திரும்பி வர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. வெள்ளைக் கைகளோடு ஜங்ஷனில் நின்ற பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது? விளிம்பு துடைத்துத் துடைத்து என்னைப் படிக்கவைத்த அம்மாவிடம், சாம்பல் பூசிக் கெடுத்துவிட்டேன் என்று சொல்வதா? செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வழக்கம்போல வகுப்புக்குப் போனேன், டீ குடித்தேன். வால்ட்டர் சூளைக்குள் தலையை விட்டு, மண்டியிட்டு, டார்ச் வெளிச்சத்தில் கூரையைச் செங்கல் செங்கலாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "மூர்த்தி, உனக்கு இளங்கண். இங்கே ஏதாவது கசடு தெரிகிறதா பார்" என்றார். குனிந்து பார்த்தேன். அந்தக் கூரை நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருந்தது. "ஒன்றும் தெரியவில்லை" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எவ்வளவு சரி!

6

வெள்ளிக்கிழமை காலை, வால்ட்டரைக் கூப்பிடுவதற்கு முன் பேராசிரியரின் அறைக்குப் போய்விட்டேன். பயத்தில் உட்காரவும் தோன்றவில்லை. நின்றபடியே, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிச் சொன்னேன். எங்கள் சாமி, எங்கள் சாம்பல், எங்கள் கருவிகளின் பண்டிகை.

"எதன் சாம்பல்?" என்றார்.

"பசுஞ்சாணத்தின் சாம்பல்."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ் ஹில்டாவின் துண்டுகளின் மேல் நீ சாணத்தைப் பூசினாய்."

"எரித்த சாணம் ஐயா. புனிதமானது."

"மிச்சம் இருக்கிறதா?"

சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்து, விரல் நுனியால் தொட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இதில் கொஞ்சம் சோதிக்க எடுத்துக்கொள்ளலாமா, உன் மதத்துக்குத் தவறாகாதே என்று கேட்டார். என்னைத் திருப்பி அனுப்பப்போகிறவர் என்று நான் மூன்று நாளாக நடுங்கிக்கொண்டிருந்த மனிதர், என் திருநீற்றைத் தொட என்னிடம் அனுமதி கேட்கிறார்! தலையாட்டினேன். பிறகு, "பதிவேட்டில் எழுது. ஹில்டாவிடம் நீயே சொல். அவளுடைய துண்டுகளைத் திரும்பச் செய்ய நீ உதவ வேண்டும். வால்ட்டரிடமும் நீயேதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்" என்றார். உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும் வரவில்லை.

சூளை அறையில் வால்ட்டரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூன்று நாள், மூர்த்தி" என்றார். "மூன்று நாளாக நான் என் கையையே சந்தேகப்பட்டேன். வீட்டில் என் மனைவியிடம், எனக்கு வயதாகிவிட்டதா, உண்மையைச் சொல் என்று கேட்டேன். நீ இங்கேயே நின்று கொண்டிருந்தாய்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்தார். பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தபோது அதைப் பிடுங்கிக்கொண்டு, "மையால் எழுது" என்றார். எழுதினேன். "முன்வரிசைத் துண்டுகளின் மேல் சாம்பல் பூசினேன். யாரையும் கேட்கவில்லை. மூன்று நாள் மறைத்தேன். தவறு என்னுடையது." கல்லூரி எனக்குக் கொடுத்த பெயரில்தான் கையெழுத்திட வேண்டும். அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினேன்.

வால்ட்டர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினார். "கதவை மூடுமுன் முன்வரிசையை நான் பார்க்கவில்லை." பக்கத்தில் அவருடைய கையெழுத்து.

இது எதற்கு, உங்கள் மேல் தவறே இல்லையே என்றேன்.

"பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை" என்றார். "போ, ஹில்டாவிடம் சொல்."

என்மேல் அவருக்கு இருந்த கோபம் கிறிஸ்துமஸ் வரை போகவில்லை. அந்தக் கோபத்தோடேயே அப்படி ஒரு வரி எழுத ஒரு மனிதனால் முடிந்ததே என்பதுதான் என்னைப் பிரமிக்கவைத்தது. சூளைகளையும் நூலகத்தையும் பார்த்து வாயைப் பிளந்தேன் என்று மேலே எழுதினேன். அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஹில்டாவோடு ஐந்து வாரம் உட்கார்ந்து மண் சலித்தேன். முதல் வாரம் அவள் என்னிடம் எண்களை மட்டுமே பேசினாள்.

7

இதையெல்லாம் அம்மாவுக்கு எழுதினேன். மறைத்ததையும் எழுதினேன். திருநீற்றைக் குறை சொன்னதாக வருத்தப்படுவாளோ, இல்லை சாமிதான் காப்பாற்றினார் என்று பழமலைநாதருக்குத் தேங்காய் உடைப்பாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து நீலநிற விமானக் கடிதம் வந்தது. தங்கையின் கையெழுத்து, அம்மாவின் பேச்சு. அதை இன்றும் வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்.

"தம்பி, நீ எளுதுனத பாப்பா படிச்சி காட்டுச்சி. ரெண்டு வாட்டி படிக்க சொல்லி கேட்டேன். நீ சிதம்பரத்துல படிக்கறப்ப, எனக்கு கால்வலி, அதான் மொத பட்டறைக்கு போவல, கருவேப்பிலங்குறிச்சி பக்கம் களை எடுக்க போறேன்னு சொன்னேன்ல? அது கால்வலி இல்ல. சுடாம காய வச்ச பச்ச சாமானு ஒரு பலக முழுக்க கீழ வுழுந்து ஒடஞ்சி கெடந்துச்சி. கடைசியா அந்தாண்ட போனது நாந்தான்னு சொல்லி என்ன நிறுத்திட்டாங்க. நான் ஒடைக்கல தம்பி. நீ படிக்கற புள்ள, மனசு ஒடஞ்சிடுவன்னு சொல்லல. அப்பறம்தான் வேற பட்டறைல சேந்தேன். அன்னிக்கு அங்க இருந்த அத்தன பேரும் நல்லவங்கதான். அதுல ஒடச்சது யாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. ஒவ்வொருத்தரு மூஞ்சியா நெனச்சிக்கினே வேல செஞ்சிட்டேன். உன்ன வழியனுப்ப டேசனுக்கு வந்தாங்களே, அவங்கள்லயும் ரெண்டு பேரு அந்த மொத பட்டறைலேர்ந்து எங்க பட்டறைக்கு வந்தவங்கதான். அந்த வெள்ளக்கார மனுசனுக்கு மூணு நாள்ல தெரிஞ்சி போச்சி. அவரு குடுத்து வச்சவரு."